யாருக்காக இந்த ஓட்டம்?

எங்கள் குடியிருப்பில் மாடிப்படிக்கு அடியில் ஒரு பெரிய அட்டைப் பெட்டி சாய்த்து வைக்கப்பட்டிருந்தது. நண்பர் தரையில் சம்மணமிட்டு உட்கார்ந்து, தம் சைக்கிளின் சக்கரங்களைக் கழற்றி, ஒவ்வொன்றையும் பழைய போர்வையில் சுற்றிக்கொண்டிருந்தார். கைப்பிடியைத் திருப்பி மடக்கினார். பெடல்களைக் கழற்றி ஒரு காலுறைக்குள் போட்டு முடிந்தார். குழந்தையைக் குளிப்பாட்டித் துவட்டுகிற தாய்க்குக்கூட அவ்வளவு கவனம் இருக்குமா என்பது சந்தேகந்தான்.

வாசற்படியில் நின்று இதையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்த அவர் மனைவி, என்னைக் கண்டதும், "அண்ணா, நீங்கள் கதை எழுதுகிறவர்; மனிதர்கள் மனசுக்குள் நுழைந்து பார்க்கிறவர். இவர் யாருக்காக இந்த ஓட்டம் ஓடுகிறார் என்று நீங்களாவது கேட்டுச் சொல்லுங்களேன்" என்றாள்.

அவள் சிரித்துக்கொண்டேதான் கேட்டாள். நண்பரும் சிரித்தார். நானும் சிரித்து வைத்தேன். ஆனால் சில கேள்விகள் சிரிப்பு அடங்கிய பிறகுதான் வேலை செய்யத் தொடங்குகின்றன. அன்று இரவு நான் எழுத உட்கார்ந்தபோது, கதாநாயகி சொல்ல வேண்டிய வசனத்துக்குப் பதிலாக அந்த அம்மாளின் கேள்வியே காகிதத்தின் மேல் வந்து உட்கார்ந்துகொண்டது.

நண்பருக்கு வயது நாற்பத்து மூன்று. பாங்கியில் உத்தியோகம். மனைவி, ஒன்பது வயதுப் பெண், வயதான தாயார் – இவ்வளவுதான் குடும்பம். நான்கு வருஷங்களுக்கு முன்வரை அவரும் என்னைப் போல் மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்குகிறவராகத்தான் இருந்தார். பிறகு எப்படியோ இந்த மோகம் பிடித்தது. விடியற்காலை நாலு மணிக்கு எழுந்து கிழக்குக் கடற்கரைச் சாலையில் சைக்கிளில் போவார். சில நாள் மெரினா நீச்சல் குளம். சில நாள் கோவளத்துக் கடல். மாலையில் எலியட்ஸ் கடற்கரையில் ஓட்டம். இப்போது கோவாவுக்குப் புறப்பட்டுக்கொண்டிருந்தார். வெள்ளிக்கிழமை போய், ஞாயிற்றுக்கிழமை பந்தயத்தை முடித்துக்கொண்டு, திங்கட்கிழமை காலை திரும்ப வேண்டியது. தனியாகத்தான் போகிறார்.

டிரையத்லான் என்பது இந்தப் பந்தயத்தின் பெயர். நீச்சல், சைக்கிள், ஓட்டம் மூன்றையும் இடையில் ஓய்வில்லாமல் ஒன்றன்பின் ஒன்றாகச் செய்ய வேண்டும். கோவாவில் 2019-ஆம் ஆண்டு முதன்முதலாக நடத்தப்பட்ட பந்தயத்தில், கடலில் 1.9 கிலோமீட்டர் நீந்த வேண்டும், கரையேறியதும் 90 கிலோமீட்டர் சைக்கிள் விட வேண்டும், இறங்கியதும் 21.1 கிலோமீட்டர் ஓட வேண்டும். எல்லாம் சேர்ந்து 113 கிலோமீட்டர். இதற்குக் கெடு எட்டரை மணி நேரம். கெடு தாண்டினால் கழுத்தில் பதக்கம் விழாது. இது பாதி அளவுதான்; முழு அளவுப் பந்தயம் இதைப்போல் இரண்டு மடங்கு. அதற்குக் கெடு வழக்கமாகப் 17 மணி நேரம்.

"முதலில் வருகிறவர்கள் வேறு ஜாதி, சார். எனக்கும் அவர்களுக்கும் ஒரு சம்பந்தமும் கிடையாது. கெடுவுக்கு ஒரு நிமிஷம் முன்னால் வந்தால் எனக்குப் போதும்" என்றார் நண்பர்.

வெற்றி கிடையாது என்று நிச்சயமாகத் தெரிந்த பந்தயத்துக்கு, பணத்தையும் விடுமுறையையும் செலவழித்துக்கொண்டு ஒரு மனிதர் போகிறார். யாருக்காக?

முதலில் எல்லோரும் சொல்கிற பதில், உடம்புக்கு நல்லது என்பது. இதை நான் நம்புவதில்லை. நம்பக் கூடாது என்று நண்பரே ஒரு தடவை ஒப்புக்கொண்டார். உடம்பு நன்றாக இருப்பதற்குத் தினம் ஒரு மணி நேரம் நடந்தால் போதும். அதற்காக யாரும் அரபிக் கடலில் விழ வேண்டியதில்லை. உடம்பை ஒரு சாக்காக நாம் வைத்துக்கொள்கிறோம். நம் தேசத்தில் தனக்கென்று ஆசைப்பட்டேன் என்று சொல்ல மனிதனுக்குக் கூச்சம். ஆகவே, சாப்பிடுகிற இனிப்பைப் பிரசாதம் என்கிறோம். ஊர் சுற்றுவதை யாத்திரை என்கிறோம். நான்கூட, சமூகத்துக்காக எழுதுகிறேன் என்று மேடைகளில் சொல்லியிருக்கிறேன்.

இரண்டாவது பதில், பெருமை. இதில் கொஞ்சம் உண்மை உண்டு. இந்தப் பந்தயத்தின் பிறப்பிலேயே அது கலந்திருக்கிறது. அமெரிக்கக் கடற்படையில் அதிகாரியாக இருந்த ஜான் காலின்ஸும் அவர் மனைவி ஜூடியும் 1974-ஆம் ஆண்டு ஸான் டியேகோவில் நடந்த ஒரு சின்ன டிரையத்லானில் கலந்துகொண்டவர்கள். பிறகு ஹவாய்த் தீவுக்கு மாற்றலாகிப் போனார்கள். அங்கே நீந்துகிறவன் கெட்டிக்காரனா, ஓடுகிறவன் கெட்டிக்காரனா, சைக்கிள் விடுகிறவன் கெட்டிக்காரனா என்று ஒரு வாதம் வந்தது. மூன்றையும் ஒரே நாளில் செய்து பார்த்துவிடலாமே என்றார் காலின்ஸ். முதலில் வருகிறவனுக்கு 'இரும்பு மனிதன்' என்று பட்டம். 1978 பிப்ரவரி 18-ஆம் தேதி 15 பேர் புறப்பட்டார்கள். 12 பேர் முடித்தார்கள். கார்டன் ஹாலர் என்பவர் 11 மணி 46 நிமிஷம் 58 விநாடியில் முதலில் வந்தார். இரண்டாவதாக வந்த ஜான் டன்பாருக்கு வழியில் தண்ணீர் தீர்ந்துபோய்விட்டது. கூட வந்த சிநேகிதர்கள் பீரைக் கொடுத்தார்கள். அதைக் குடித்துவிட்டுத் தள்ளாடிக்கொண்டே ஓடினாராம். யோசனையைக் கிளப்பிய காலின்ஸும் ஓடினார். அவருக்குச் சுமார் 17 மணி நேரம் பிடித்தது. ஓடி முடித்தவன் ஆயுள் பூராவும் பெருமை அடித்துக்கொள்ளலாம் என்று அன்று கொடுத்த விதித் தாளிலேயே வேடிக்கையாக எழுதியிருந்தார்கள்.

ஆனால் பெருமை என்பது கேட்பதற்கு ஆள் இருந்தால்தானே! நண்பர் எவ்வளவு நேரத்தில் ஓடினார் என்பது அவர் பாங்கியில் யாருக்கும் தெரியாது, தெரிந்தாலும் புரியாது. "ஜெயித்தீர்களா?" என்று கேட்பார்கள். "இல்லை" என்றால், "அடுத்த தடவை பார்த்துக்கொள்ளலாம்" என்று ஆறுதல் சொல்வார்கள். அந்த ஆறுதலுக்காக ஒருவன் 113 கிலோமீட்டர் போக மாட்டான்.

மூன்றாவதாக ஒரு பதில் இருக்கிறது. நம் வாழ்க்கையில் பெரும்பாலான காரியங்களில் நம்மால் எவ்வளவு முடியும் என்பது நமக்கே தெரிவதில்லை. பாங்கியில் ஒரு தவறு நேர்ந்தால், மேலதிகாரியின் தவறா, கீழே இருப்பவரின் தவறா, நம் தவறா என்று பிரித்துச் சொல்ல முடியாது. வெற்றியும் அப்படியே. எல்லாம் பலருடைய கைகள் பட்டுக் கலங்கிப்போன தண்ணீர். அதனால்தான், 'இது என் பலம், இது என் பலவீனம்' என்று கலப்பில்லாமல் ஒரு தடவையாவது கண்டுகொள்ள வேண்டும் என்று மனிதனுக்கு ஒரு தாகம் இருக்கிறது.

1982 பிப்ரவரியில் ஹவாயில் ஜூலி மாஸ் என்ற கல்லூரி மாணவி தம் படிப்புக்கான ஓர் ஆராய்ச்சிக்காக இந்தப் பந்தயத்தில் இறங்கினார். எல்லாப் பெண்களுக்கும் முன்னால் வந்துகொண்டிருந்தவர், எல்லைக் கோட்டை நெருங்கும் சமயத்தில் கால்கள் துவண்டு விழுந்தார், எழுந்தார், மறுபடியும் விழுந்தார். கோட்டுக்குச் சில கஜ தூரம் இருக்கும்போது காத்லீன் மக்கார்ட்னி என்ற இன்னொரு பெண் அவரைத் தாண்டிப் போய் முதலாவதாக வந்துவிட்டார். போட்டி அந்தக் கணத்திலேயே முடிந்துபோயிற்று. ஆயினும் ஜூலி மாஸ் எழுந்திருக்க முயலவில்லை. திரும்பிப் போகவும் இல்லை. கையாலும் முழங்காலாலும் தவழ்ந்து போய்க் கோட்டைத் தொட்டார். தொலைக்காட்சியில் அதைப் பார்த்தவர்கள் முதலில் வந்தவரைவிடத் தவழ்ந்து வந்தவரையே அதிகம் நினைவில் வைத்துக்கொண்டார்கள். அந்தக் கடைசிச் சில கஜங்களில் அவருக்குப் போட்டியாக யாரும் இல்லை. தம்முடன் தாமே இருந்தார், அவ்வளவுதான்.

இந்தப் பந்தயத்தின் விதிகளும் இதற்கு ஏற்றவை. காதில் பாட்டுக் கேட்கும் கருவி எதையும் மாட்டிக்கொள்ளக் கூடாது. நண்பர் ஓடுவது போன்ற பந்தயங்களில், சைக்கிளில் போகும்போது முன்னால் போகிறவருக்கு 12 மீட்டர் தள்ளித்தான் போக வேண்டும். நெருங்கிப் போனால் முன்னால் இருக்கிறவர் காற்றைக் கிழித்துக்கொடுப்பார். பின்னால் வருகிறவருக்கு உழைப்பு மிச்சம். அப்படி மிச்சம் பிடிக்கக் கூடாது என்பது விதி. மோட்டார் சைக்கிளில் நடுவர்கள் வருவார்கள். ஆனால் எல்லா வளைவிலும் நடுவர் நிற்க முடியாது. "யாரும் இல்லாத இடத்தில் நெருங்கிப் போகலாமே?" என்று நான் கேட்டேன். நண்பர் என்னை விநோதமாகப் பார்த்தார். "போகலாம். ஆனால் அப்புறம் நான் எதற்குக் கோவாவுக்குப் போக வேண்டும்?" என்றார்.

நீச்சலில் ஒரு விதி உண்டு. அதுதான் எனக்கு மிகவும் பிடித்தது. கடலில் காவலுக்குச் சிறு படகுகள் நிற்கும். களைத்துப்போனவன் படகைப் பிடித்துக்கொண்டு இளைப்பாறலாம், அது குற்றமில்லை. ஆனால் படகு அவனை ஓர் அடிகூட முன்னால் இழுத்துப் போகக் கூடாது. இளைப்பாற உதவி உண்டு. முன்னேற உதவி இல்லை. மனிதனுடைய சுயமரியாதைக்கும் பரஸ்பர உதவிக்கும் நடுவே இவ்வளவு சுலபமாக ஒரு கோடு கிழித்திருக்கிறார்களே என்று வியந்தேன்.

வாழ்க்கையில் அந்தக் கோடு அவ்வளவு சுலபமாக விழுவதில்லை என்பது பிறகுதான் தெரிந்தது.

அது ஐப்பசி மாதம். சென்னையில் மழையும் காய்ச்சலும் கைகோத்துக்கொண்டு வருகிற சமயம். வெள்ளிக்கிழமை காலை நண்பர் பெட்டியோடு விமானம் ஏறினார். சனிக்கிழமை சைக்கிளைப் பந்தயக் கொட்டகையில் கொண்டுபோய் மாட்டிவிட்டு, இரவு எட்டு மணிக்கு வீட்டுக்குப் பேசினார். எல்லோரும் சௌக்கியம் என்று மனைவி சொன்னாள். ஒன்பது மணிக்குப் படுத்து, மூன்று மணிக்கு எழுந்தார். வாழைப்பழமும் ரொட்டியும் தின்றுவிட்டு, கணுக்காலில் நேரம் குறிக்கிற பட்டையைக் கட்டிக்கொண்டு, இருட்டிலேயே மிராமர் கடற்கரைக்கு நடந்தார்.

நீச்சலில் ஒரு மிதவைக்கருகே அலை முகத்தில் அடித்து உப்புநீரைக் குடித்தார். படகைப் பிடித்துக்கொண்டு ஒரு நிமிஷம் நின்றார். சைக்கிளில் மேட்டில் ஏறும்போது தொடையில் சுளுக்குப் பிடித்தது. ஓட்டத்தில் வெயில் ஏறிவிட்டது. தண்ணீர்ப் பந்தல் ஒவ்வொன்றிலும் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் மாதிரித் தொண்டர்கள் நின்றுகொண்டு, நெஞ்சில் குத்தியிருந்த எண்ணைப் பார்த்துக் கூவித் தண்ணீரும் பனிக்கட்டியும் கொடுத்தார்கள். கடைசி ஐந்து கிலோமீட்டரில் பாதிக்குமேல் நடந்துதான் போனார். கெடுவுக்கு ஒன்பது நிமிஷம் இருக்கும்போது கோட்டைத் தாண்டினார். கழுத்தில் பதக்கம் போட்ட பெண்ணுக்கு அவர் பேத்தி வயது இருக்காது, மகள் வயதுதான். அவளைப் பார்த்ததும் அழுகை வந்துவிட்டது என்று சொன்னார்.

உடனே வீட்டுக்குப் பேசினார். "முடித்துவிட்டேன்" என்றார். மனைவி, "சந்தோஷம். ஏதாவது சாப்பிடுங்கள்" என்றாள். குரலில் ஏதோ அசதி தெரிந்தது. ஞாயிற்றுக்கிழமைச் சமையலாக இருக்கும் என்று நினைத்துக்கொண்டார்.

திங்கட்கிழமை வீட்டுக்குள் நுழைந்தபோதுதான் பெண் கட்டிலில் வாடிய கீரைத்தண்டு போல் கிடப்பதைப் பார்த்தார். புறங்கையில் சலைன் ஏற்றிய இடத்தில் பஞ்சு ஒட்டியிருந்தது. சனிக்கிழமை சாயங்காலமே காய்ச்சல். அவர் பேசியபோது 102 டிகிரி. இரவு பதினொன்றுக்கு 104 ஆகி, குழந்தை பிதற்ற ஆரம்பித்ததும், அந்த அம்மாள் மாமியாரை வீட்டில் விட்டுவிட்டு, மழையில் ஓர் ஆட்டோவைப் பிடித்து ஆஸ்பத்திரிக்குப் போயிருக்கிறாள். பெஞ்சியில் உட்கார்ந்து சொட்டு சொட்டாக இறங்கும் மருந்தைப் பார்த்தபடி இரவைக் கழித்திருக்கிறாள். காய்ச்சல் இறங்கி வீட்டுக்கு வந்தபோது மணி மூன்று. கோவாவில் அவர் வாழைப்பழம் உரித்துக்கொண்டிருந்த அதே மணி.

"ஏன் சொல்லவில்லை?" என்று கேட்டார்.

"சொல்லியிருந்தால் என்ன செய்திருப்பீர்கள்? ஒன்று, பந்தயத்தை விட்டுவிட்டு வந்திருப்பீர்கள். அப்புறம் வாயால் ஒன்றும் சொல்லாமலே ஆயுள் பூராவும் என்னைக் குறை சொல்லிக்கொண்டிருப்பீர்கள். இல்லையென்றால், வராமல் இருந்திருப்பீர்கள். அப்புறம் நான் ஆயுள் பூராவும் உங்களைக் குறை சொல்லிக்கொண்டிருப்பேன். இரண்டும் வேண்டாம் என்று பேசாமல் இருந்துவிட்டேன்."

இதை என்னிடம் சொன்னபோது நண்பரின் முகத்தில் பதக்கம் வாங்கிய களை கொஞ்சமும் இல்லை. "தனியாக ஓடி முடித்தேன் என்று நினைத்தேன், சார். அன்று ராத்திரி நான் தூங்கிய தூக்கமே அவள் கொடுத்தது. படகு என்னை இழுத்துக்கொண்டு போயிருக்கிறது, எனக்குத்தான் தெரியவில்லை" என்றார்.

வாசகர்களில் சிலருக்கு இப்போது தீர்ப்பு சொல்லத் தோன்றும். குடும்பஸ்தனுக்கு என்ன பந்தயம், என்ன பதக்கம் என்று கேட்பார்கள். அவ்வளவு சுலபமாக என்னால் சொல்ல முடியவில்லை. அந்த அம்மாள் செய்தது தியாகமா என்பதிலேயே எனக்குச் சந்தேகம். தியாகமாகவும் இருக்கிறது, ஒருவகையில் அநியாயமாகவும் இருக்கிறது. தகப்பனுக்குத் தன் குழந்தையின் காய்ச்சலைத் தெரிந்துகொள்ள உரிமை இல்லையா? திரும்பி வருவதா, ஓடுவதா என்று தன் மனச்சாட்சியோடு அவர் போராட வேண்டிய ஒரு சந்தர்ப்பத்தை அவரிடமிருந்து அவள் பறித்துக்கொண்டுவிட்டாள். கடலிலும் மேட்டிலும் அவர் தேடிக்கொண்டு போன பரீட்சை, உண்மையில் சனிக்கிழமை இரவு அவர் வீட்டு வாசலுக்கே வந்தது. கதவைத் திறந்தவள் அவள், எழுதியவளும் அவளே.

இப்படிச் சொல்ல எனக்கு என்ன யோக்கியதை என்று என் மனைவி கேட்கலாம். பத்து வருஷங்களுக்கு முன்பு ஒரு தொடர்கதையின் கடைசி அத்தியாயத்தை எழுதிக்கொண்டிருந்தேன். என்னைத் தூக்கி வளர்த்த சித்தப்பா ஊரில் உடம்பு சரியில்லாமல் கிடக்கிறார் என்று வந்த செய்தியை அவள் ஒன்றரை நாள் என்னிடம் சொல்லாமல் வைத்திருந்தாள். அத்தியாயம் நன்றாக அமைந்தது. பலர் பாராட்டிக் கடிதம் எழுதினார்கள். நான் ஊருக்குப் போனபோது சித்தப்பாவுக்கு ஆளை அடையாளம் தெரியாமல் போயிருந்தது. அன்று அவளை நான் கோபித்துக்கொண்டேன். எழுதும்போது என்னை யாரும் தொந்தரவு செய்யக் கூடாது என்று வருஷக்கணக்காக அவளைப் பழக்கி வைத்தவன் நானேதான் என்பது அன்று எனக்கு நினைவு வரவில்லை.

இங்கேதான் கேள்வியின் முடிச்சு இருக்கிறது என்று தோன்றுகிறது. தனிமை என்பது ஒருவன் தானாகச் சம்பாதிப்பதல்ல. மற்றவர்கள் அவனுக்குக் கொடுப்பது. காட்டுக்குப் போன ரிஷிக்குக்கூட யாரோ பிச்சை போட்டிருக்கிறார்கள். வாங்கிக்கொண்டதில் தவறில்லை. வாங்கிக்கொண்டதை மறந்துவிட்டு, 'நான் தனி ஆள், என் பலத்தில் நின்றேன்' என்று சொல்வதில்தான் தவறு இருக்கிறது.

மெக்ஸிகோவில் கோஸுமெல் என்னும் இடத்தில் 2016 செப்டம்பரில் நடந்த பெரிய பந்தயத்தைப் பற்றிப் பலர் கேள்விப்பட்டிருக்கலாம். இங்கிலாந்தைச் சேர்ந்த ஜானி பிரௌன்லீ முதலில் வந்துகொண்டிருந்தார். எல்லை தெரிகிற தூரத்தில் வெயில் தாங்காமல் தள்ளாடி நின்றுவிட்டார். பின்னால் வந்தவர் அவருடைய அண்ணன் அலிஸ்டர். இரண்டு தடவை ஒலிம்பிக் தங்கம் வென்றவர். முதலிடத்துக்குப் போட்டியிட அவருக்குச் சந்தர்ப்பம் இருந்தது. ஆனால் தம்பியின் கையைத் தம் தோளில் போட்டுத் தாங்கிக்கொண்டு ஓடிவந்து, தமக்கு முன்னால் அவனைக் கோட்டுக்கு அப்பால் தள்ளிவிட்டார். தென்னாப்பிரிக்காவின் ஹென்ரி ஷூமன் முதலில் வந்தார். தம்பி இரண்டாவது, அண்ணன் மூன்றாவது. உலகமே அந்த அண்ணனைக் கொண்டாடியது.

மூன்று வருஷம் கழித்து, 2019 ஆகஸ்டில் டோக்கியோவில் நடந்த ஒரு பந்தயத்தில் ஜெஸிக்கா லியர்மந்த், ஜார்ஜியா டெய்லர்-பிரௌன் என்ற இரண்டு பெண்கள் முன்னணியில் வந்து, சிநேக பாவத்தோடு கைகோத்துக்கொண்டு ஒன்றாகக் கோட்டைத் தாண்டினார்கள். வேண்டுமென்றே சமமாக வருவது விதிக்கு விரோதம் என்று இருவரையும் நீக்கிவிட்டார்கள். வெற்றி ஃப்ளோரா டஃபிக்குப் போயிற்று. ஒரு கை கொண்டாடப்பட்டது, இன்னொரு கை தண்டிக்கப்பட்டது. இதை வைத்துக்கொண்டு விதிகளைப் பழிப்பது எளிது. ஆனால் விதி பந்தயத்தைத்தான் அளக்கும்; பாசத்தை அளக்க அதற்குக் கோல் கிடையாது. அந்தக் கோலை நாம்தான் வைத்திருக்க வேண்டும்.

அமெரிக்காவில் டிக் ஹாய்ட் என்று ஒரு தகப்பனார் இருந்தார். 2021-இல் காலமானார். அவர் மகன் ரிக் 1962-இல் பிறக்கும்போதே மூளை பாதிக்கப்பட்டு, கைகால்களை ஆளமுடியாமலும் பேசமுடியாமலும் போனவர். 1977-இல் ஒரு தர்ம காரியத்துக்காக நடந்த ஐந்து மைல் ஓட்டத்தில் மகனைச் சக்கர நாற்காலியில் வைத்துத் தள்ளிக்கொண்டு ஓடினார் டிக். ஓடும்போது தமக்கு ஊனம் இருப்பதாகவே தோன்றவில்லை என்று மகன் கருவியின் உதவியால் சொன்னாராம். அதன் பிறகு அந்தத் தகப்பனார் நிற்கவில்லை. நீச்சல் கற்றுக்கொண்டார். மகனை ரப்பர்ப் படகில் படுக்க வைத்து, கயிற்றைத் தம் உடம்பில் கட்டி இழுத்துக்கொண்டு நீந்தினார். சைக்கிளுக்கு முன்னால் ஆசனம் அமைத்து உட்கார வைத்து மிதித்தார். பிறகு நாற்காலியைத் தள்ளிக்கொண்டு ஓடினார். 1989-இல் ஹவாயில் முழு அளவுப் பந்தயத்தையே அப்படி முடித்தார்கள்.

டிக் ஹாய்ட்டை யாரும் 'யாருக்காக ஓடுகிறாய்' என்று கேட்க வேண்டியதில்லை. ஆனால் அவரைக் காட்டி என் நண்பரை மட்டந்தட்டவும் எனக்கு மனம் வரவில்லை. எல்லோருடைய ஓட்டமும் இன்னொருவருக்காகவே இருக்க வேண்டும் என்று சட்டம் போட்டால், தனக்கென்று ஒரு மூச்சுக்கூட விடத் தெரியாத மனிதர்கள்தாம் மிஞ்சுவார்கள். நம் வீடுகளில் அப்படிப்பட்டவர்கள் ஏற்கெனவே இருக்கிறார்கள். அவர்கள் பெரும்பாலும் பெண்கள்.

நண்பருக்கு இது உறைத்தது. பதக்கத்தை அலமாரியில் வைத்துவிட்டு, ஒருநாள் மனைவியிடம், "நான் மூன்று நாள் எடுத்துக்கொண்டேன். உனக்கும் மூன்று நாள் பாக்கி இருக்கிறது. எங்கே போகிறாய், சொல்" என்று கேட்டாராம்.

அவள் உடனே, "எனக்கு எங்கேயும் போக வேண்டாம்" என்றாள். ஒரு வாரம் கழித்து மறுபடியும் கேட்டார். "எல்லோருமாகத் திருப்பதி போகலாம்" என்றாள். "எல்லோருமாக இல்லை. நீ மட்டும்" என்றார். அவளால் பதில் சொல்ல முடியவில்லை. அவளுக்குப் பதில் கிடைக்க இரண்டு மாதம் ஆயிற்று. பதினான்கு வருஷமாக யாரும் கேட்காத கேள்விக்கு இரண்டு மாதத்தில் பதில் கிடைத்ததே அதிசயம்.

திருவையாற்றுக்குப் போக வேண்டும் என்றாள். அங்கே அவளுக்கு உறவும் இல்லை. சங்கீத உத்ஸவ சமயமும் இல்லை. சிறுமியாக இருந்தபோது ஒரு தடவை காவேரிப் படித்துறையில் உட்கார்ந்திருந்தாளாம். மறுபடியும் அங்கே போய், யாரும் "அம்மா" என்று கூப்பிடாத ஒரு காலை வேளையில் சும்மா உட்கார்ந்திருக்க வேண்டும். அவ்வளவுதான்.

அவள் போன இரண்டாம் நாள் சாயங்காலம் நண்பரின் தாயார் குளியலறையில் வழுக்கி விழுந்துவிட்டார். நல்ல வேளையாக எலும்பு முறிவு இல்லை. மணிக்கட்டு வீங்கி, டாக்டர் கட்டுப் போட்டார். இரவு மனைவி பேசினாள். நண்பர் கையில் டெலிபோனை வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தார். நான் அப்போது அங்கே இருந்தேன். எல்லோரும் சௌக்கியம் என்று சொல்லிவிடலாம். அவள் சொன்ன பொய்தானே, திருப்பிக் கொடுத்தால் கணக்குத் தீர்ந்தது.

நண்பர் சொன்னார்: "அம்மா விழுந்துவிட்டாள். கையில் கட்டுப் போட்டிருக்கிறது. நான் பார்த்துக்கொள்கிறேன். நீ வர வேண்டாம். வர வேண்டும் என்று உனக்குத் தோன்றினால் வா. இரண்டில் எது செய்தாலும் நான் ஒன்றும் நினைக்க மாட்டேன்."

மறுமுனையில் கொஞ்ச நேரம் சப்தமே இல்லை. பிறகு, "அத்தையிடம் கொடுங்கள்" என்றாள். மாமியாரோடு கால்மணி நேரம் பேசினாள். அப்புறம், "நாளை மறுநாள் காலை வருகிறேன்" என்றாள். குறித்த நாளில்தான் வந்தாள். என்ன செய்தாய் என்று கேட்டதற்கு, "ஒன்றும் செய்யவில்லை. உட்கார்ந்திருந்தேன்" என்றாளாம்.

என்னிடம் கேட்கப்பட்ட கேள்விக்கு நான் இன்னும் பதில் சொல்லவில்லை. யாருக்காக ஓடுகிறார் என்றால், தமக்காகத்தான் ஓடுகிறார். அதில் வெட்கப்பட ஒன்றும் இல்லை. உண்மையை மறைக்காமல் சொல்லி, அதன் பிறகும் ஒருவரை ஒருவர் போகவிடுகிற வீட்டிலிருந்து புறப்பட்டால், அந்த ஓட்டம் யாரிடமிருந்தும் திருடியதாக ஆகாது. அப்படி இல்லாவிட்டால், கோட்டை எத்தனை நிமிஷத்தில் தாண்டினாலும் கணுக்காலில் கட்டிய பட்டை பாதிக் கணக்கைத்தான் காட்டும்.

போன வாரம் நண்பரைப் பார்த்தேன். அடுத்த பந்தயத்துக்குப் பெயர் கொடுக்கும் தேதி நெருங்கிவிட்டதாகச் சொன்னார். மனைவி சம்மதித்துவிட்டாளா என்று கேட்டேன்.

"சம்மதித்துவிட்டாள். ஆனால் இந்தத் தடவை வீட்டில் எது நடந்தாலும் ராத்திரி பன்னிரண்டு மணியானாலும் எழுப்பிச் சொல்லிவிடுவேன், அதற்கு நீங்கள் தயாரா என்று கேட்கிறாள்" என்றார்.

"நீங்கள் என்ன சொன்னீர்கள்?"

நண்பர் சைக்கிளின் மணியை ஒருமுறை அடித்துப் பார்த்தார். "இன்னும் பணம் கட்டவில்லை, சார்" என்றார்.